டப்பாவுக்குள்ள வானம்

வா கண்ணு, திண்ணையில உக்காரு. மூணு நாளா பாத்துட்டுத்தான் இருக்கறேன். ஒரு சாண்கூட இல்லாத பிளாஸ்டிக் ஏரோப்ளேனு. அதுக்குப் பச்சையில மட்டும் ஆறு டப்பா. தொறக்கறே, மூடறே, பெருமூச்சு விடறே. உங்கம்மாவுக்கு மாப்பிள்ளை பாக்கறப்பக்கூட நான் இத்தனை யோசிக்கலையே சாமி. (யோசிச்சிருக்கோணும், அது வேற கதை.)

கெழவனுக்கு என்ன தெரியும்னு மூஞ்சியத் திருப்பாத. நீ போன்ல உன் கூட்டாளியோட பச்சைக்குச் சண்டை போட்டதைக் கேட்டே எனக்குப் பாதி பாடம் ஆயிருச்சு. மீதிக்கு, நீ தூங்கறப்ப உன் புஸ்தகத்தை எடுத்துப் பாத்துக்கிட்டேன்.

வெள்ளைக்காரனோட சண்டை ஏரோப்ளேனு, இந்த ஸ்பிட்ஃபயரு, எந்த வருசத்து வண்டி? 1940. சரி. மேல கரும்பச்சையும் மண்ணு நெறமும், உழுத காடும் வரப்புமாட்ட. அடிவயிறு? அந்த வருசம் ஜூன் வரைக்கும் ஒரு றெக்கை கறுப்பு, ஒரு றெக்கை வெள்ளை. கீழ நிக்கறவன் நம்மாளுன்னு தெரிஞ்சுக்கோணுமில்ல? அப்பறம் ‘ஸ்கை’னு ஒரு பெயிண்டை அடிக்கச் சொன்னான். வானம்னு பேரு, டப்பாவைத் தொறந்தா வெளிர்பச்சை! வெள்ளாடுன்னு பேரு வெச்சுக் கறுப்பா ஓட்டிட்டுப் போறோமே, அந்தக் கதைதான்.

உத்தரவு போட்டாச்சு, பெயிண்டு எல்லா எடத்துக்கும் வந்து சேரலை. அங்கங்க இருந்ததை வெச்சு அவனவனே கலக்கி அடிச்சான். ஒண்ணு நீலத்துப் பக்கம் சாஞ்சுது, ஒண்ணு பச்சைப் பக்கம். உங்க அம்மிச்சி பொங்கலுக்குச் சுண்ணாம்புல நீலம் போடறாளே, ஒரு வருசமாவது மறு வருசத்தோட ஒத்துப்போயிருக்குதா?

அடுத்த வருசம் கேளு. சண்டை கடல் தாண்டிப் பிரான்சுப் பக்கம் போச்சு. தண்ணி மேல பறக்கறவனுக்கு மண்ணு நெறம் எதுக்கு? 1941 ஆகஸ்டுல அதைத் தள்ளிட்டு ‘ஓஷன் கிரே’ன்னு சாம்பலைக் கொண்டாந்தான். அதும் உடனே கெடைக்கலை. ஏழு பங்கு சாம்பலுக்கு ஒரு பங்கு கறுப்பு ஊத்திக் கலக்கிக்கங்கன்னு சர்க்காரே பக்குவம் சொல்லுச்சு. சர்க்காரு ஆப்பையில கலக்கச் சொன்ன நெறத்துக்கு, நீ மருந்துக்கடைத் தராசு தேடறே.

அடிச்சது அப்படியேவா நின்னுது? நம்ம செவலைக்கும் மயிலைக்கும் ஒரே டப்பாவுலதான் கொம்புக்கு அடிச்சேன். ஒண்ணைக் கொட்டாயில கட்டினேன், ஒண்ணு வெயில்ல நின்னுது. பங்குனி வந்தப்ப ரெண்டும் ஒரே கையி அடிச்சதுன்னு சொன்னா ஒருத்தனும் நம்பலை.

இன்னொண்ணு. வெள்ளியங்கிரி கிட்டப் போனாப் பச்சை, நம்ம களத்துல நின்னா நீலம். தூரம் நெறத்தைத் தின்னுரும். உன்னுது எழுவத்திரண்டுல ஒரு பங்கு. ஒரு அடி தள்ளி வெச்சுப் பாத்தா, நெசமான வண்டியை 72 அடி தள்ளி நின்னு பாக்கறதுக்குச் சமம். அதனால டப்பாவுல இருக்கற கரும்பச்சையை அப்படியே அப்பாத, துளி வெள்ளை சேரு. துளின்னா துளி. மோருக்குத் தண்ணி ஊத்தறாப்ல ஊத்திராத.

கறுப்பு வெள்ளைப் போட்டோவைக் காட்டிச் சத்தியமும் பண்ணாத. அன்னைக்கு இருந்த சில பிலிமுல மஞ்சள் கறுத்துரும், நீலம் வெளுத்துரும். கண்ணாலம் கட்டப் பொண்ணு போட்டோவை நம்பி ஏமாந்தவன் சொல்றேன்னு வெச்சுக்க. உங்க அம்மிச்சி காதுல போட்றாத.

எவனாவது வந்து பச்சை தப்புன்னான்னா, ‘எந்த மாசத்துப் பச்சைங்க?’னு பணிவாக் கேளு. பாதிப் பேரு காப்பி குடிச்சுட்டுக் கெளம்பிருவான். அதுக்காக 1940 வண்டிக்கு 1941 சாம்பலை அடிச்சுட்டு எம்பேரைச் சொல்லிராத. ரோஸ் நெறம்னா சிரிப்பாங்கன்னியே, அதும் நெசந்தான். மேகத்துக்கு அடியில தாழப் பறந்து போட்டோ எடுக்கப் போனதுல சிலதுக்கு ரோஸ்தான் அடிச்சிருந்தான்.

எழுத்து ஒட்டறதுக்கு முன்னால மினுமினு வார்னிஷ் ஒரு கை ஓட்டு. சொரசொரப்பு மேல ஒட்டினா அடியில காத்து நின்னு வெள்ளியாட்டத் தெரியும். ஒட்டினப்பறம் மங்கல் வார்னிஷ்.

அந்த எழுத்து, ஏஇசட்டு, 234-வது ஸ்குவாட்ரனாமே. அதோட பேருல ‘மதராஸ் மாகாணம்’னு சேத்திருக்கறான், நம்ம பக்கத்துச் சனங்க குடுத்த நிதிக்காக. அதுல எங்கய்யன் போட்ட ஓரணாவும் இருக்குமோ என்னமோ. அப்ப இந்த வண்டியில எனக்கும் ஒரு பங்கு வருதில்ல?

அந்தப் பொடி பிரஷை இக்கட்டால குடு. வாலை மட்டும் நான் அடிக்கறேன். கண்ணாடி உள்ள ரேடியோ மேல இருக்குது, எடுத்துட்டு வா சாமி.