ஜாம்பியும் நகையும்: ஒரு மெய்ப்பாட்டியல் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

ஜாம்பிப் படம் என்றாலே சேனலை மாற்றிவிடும் ஒருவர், 'ஷான் ஆஃப் தி டெட்' என்னும் ஆங்கில ஜாம்பிப் படத்தை வயிறு வலிக்கச் சிரித்துப் பார்த்துவிட்டால், அவரைக் கட்சி மாறியவர் என்று கொள்ளலாமா? இதுவே ஆய்வின் வினா. எடுத்துக்கொண்ட பார்வையாளர் ஒருவர். அவரே ஆய்வாளர், அவரே நெறியாளர். ஆதலால் கருத்து வேறுபாடு எழவில்லை.

வெறுப்பின் இலக்கணம்

அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. ஜாம்பி இவற்றில் எதற்குள்ளும் அடங்காது. அணங்குக்குக் கோபதாபம் உண்டு. விலங்கு வயிறு நிறைந்தால் படுத்துவிடும். கள்வனிடம் திட்டம் இருக்கும். இறை, நாலு கேள்வி கேட்டுவிட்டாவது தண்டிப்பார். ஜாம்பி வாயைத் திறப்பது கடிக்க மட்டுமே.

ஆனால் இளிவரலுக்கு, அதாவது அருவருப்புக்கு, அது சொன்ன மூப்பு, பிணி, வருத்தம், மென்மை நான்கும் அச்சுப் பிசகாமல் பொருந்துகின்றன. தோல் தொங்குவது மூப்பு. கடித்தால் தொற்றுவது பிணி. ஓயாத முனகல் வருத்தம். பிடித்திழுத்தால் கழன்று வரும் கை மென்மை. பயந்தவர் விரலிடுக்கு வழியாகவாவது பார்ப்பார், அருவருத்தவர் எழுந்துபோவார். வெறுப்பின் வேர் இதுவே.

பிணம் தின்னும் கதை தமிழுக்குப் புதிதல்ல என்று சிலர் வாதிடலாம். கலிங்கத்துப்பரணியின் பேய்கள் போர்க்களத்தில் யானைத் தந்தத்தால் பல் விளக்கி, குளித்து, கூழ் சமைத்து, முறையாகப் பரிமாறுகின்றன. பல் விளக்காத ஜாம்பியை அதைப் பாடிய செயங்கொண்டார் அடுப்புப் பக்கமே விட்டிருக்க மாட்டார்.

சான்றுகள்

படம் 2004-இல் வந்தது. இயக்கம் எட்கர் ரைட். எழுத்து அவரும் நாயகன் சைமன் பெக்கும். ஷான் லண்டனில் மின்சாதனக் கடை விற்பனையாளன், வயது 29. நகைக்கு, அதாவது சிரிப்புக்கு, தொல்காப்பியர் சொன்ன எள்ளல், இளமை, பேதைமை, மடன் நான்கும் இங்கே வரிசையாக வந்து நிற்கின்றன.

பேதைமை: காலையில் தெருமுனைக் கடைக்குப் போகிறான் ஷான். கேமரா வெட்டாமல் கூடவே போகிறது. மறுநாளும் அதே நடை, அதே கடை. ஆனால் அதற்குள் ஊரே ஜாம்பியாகிவிட்டது. குளிர்பெட்டிக் கண்ணாடியில் ரத்தக் கை பதிந்திருக்கிறது. தரையில் கால் வழுக்குகிறது. நம் ஆள் தூக்கக் கலக்கத்தில் வேண்டியதை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறான்.

இளமை: தோட்டத்தில் இரண்டு ஜாம்பிகள் நெருங்குகின்றன. ஷானும் எட் என்னும் நண்பனும் இசைத்தட்டுகளை எறிந்து அடிக்க முடிவெடுக்கிறார்கள். அதற்குமுன் எதை எறியலாம் என்று பட்டிமன்றம். பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெய்ன்' தப்பிக்கிறது. அதே பிரின்ஸின் 'பேட்மேன்' பறக்கிறது.

மடன்: கொண்டதை விடாமை. உலகம் அழிந்தாலும் ஷானின் திட்டம் ஒன்றே: அம்மாவையும் பிரிந்துபோன காதலியையும் கூட்டிக்கொண்டு, வழக்கமாகக் குடிக்கும் 'வின்செஸ்டர்' பப்பில் போய் உட்கார்ந்து, எல்லாம் ஓயும்வரை பீர் குடிப்பது. காதலி விட்டுப் போனதற்கே இந்த பப்தான் காரணம் என்பது அவன் மண்டையில் ஏறுவதில்லை.

எள்ளல்: தொற்று பரவும் முன்பே, பஸ்ஸுக்கு நிற்பவர்களும் கடைக் கல்லாவில் இருப்பவர்களும் ஜாம்பி போலவே அசைகிறார்கள். முடிவில் மிஞ்சிய ஜாம்பிகளைச் சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டி ஒதுக்கும் வேலைக்கு வைத்துவிடுகிறார்கள். யாருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

தடையும் விடையும்

"அப்படியானால் இது ஜாம்பிகளைக் கேலி செய்யும் படம், ஜாம்பிப் படமே அல்ல" என்று தடை எழலாம். பொருந்தாது. மெதுவாக நடப்பது, மனித இறைச்சி தின்பது, தலையில் அடித்தால் விழுவது என ஜார்ஜ் ரொமேரோவின் 1968 படம் போட்டுத்தந்த பாதையை இது பயபக்தியோடு பின்பற்றுகிறது. கடிபட்ட தாயைச் சுட நேரும்போது ஷான் அழுவது நிஜ அழுகை. ரொமேரோவே மகிழ்ந்து, 2005-இல் எடுத்த தம் படத்தில் ரைட்டுக்கும் பெக்குக்கும் ஜாம்பி வேடம் தந்தார். துறைத்தலைவரே கையெழுத்திட்ட பின் மேல்முறையீடு இல்லை.

முடிவுரை

இப்படத்தில் ஜாம்பிகள் தம் வேலையைச் சிரிப்பில்லாமல் செய்கின்றன. சிரிப்புக்கு ஆளாவது உயிரோடிருப்பவர்கள். ஜாம்பியை வெறுப்பவர் பார்த்து ரசித்ததும் அவர்களைத்தான். எனவே அவர் கட்சி மாறவில்லை. பழைய வெறுப்பு சேதமின்றி அப்படியே இருக்கிறது. "உனக்குத்தான் பிடிக்குமே" என்று அடுத்த ஜாம்பிப் படத்துக்கு டிக்கெட் போட்டுவைத்திருக்கும் நண்பர்கள், இக்கட்டுரையையே பதிலாகக் கொண்டு அந்த டிக்கெட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடவும்.