சாத்துகதவுக் காதல்: நெல்லிவாசல்நாட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

கதாநாயகன் பனித்தரையில் ஹாக்கி ஆடுகிறவன். ஆறடிக்கு மேல் வளர்த்தி. முன்பல் ஒன்று போயிருக்கும். களத்தில் இறங்கினால் எதிரில் வருகிறவனைச் சுவரோடு சேர்த்து முட்டுவான். அதே ஆள், கதாநாயகிக்குக் காய்ச்சல் என்றால் பூனைபோல் நடந்து வந்து கஞ்சி வைத்துக் கொடுப்பான். இருநூறு பக்கம் இருவரும் ஒருவரையொருவர் தப்பாகவே புரிந்துகொள்வார்கள். இருநூற்றோராம் பக்கத்தில் எல்லாம் சரியாகி ஓர் அறைக்குள் போவார்கள். கதவு சாத்தப்படும். அடுத்த அத்தியாயத்தில் விடிந்து, காப்பி தயாராக இருக்கும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஹாக்கிக் காதல் நாவல் இப்போது தனி அலமாரி பிடித்துக்கொண்ட சரக்கு. அதில் இரண்டு ரகம். கதவைத் திறந்தே போடுவது ஒன்று. 2022இல் வந்து சக்கைப்போடு போட்ட ஹன்னா கிரேஸின் ‘ஐஸ்பிரேக்கர்’ அந்த ரகம். கதவைச் சாத்திவிடுவது மற்றது. இதற்கு அங்கே ‘இனிப்பு’ என்றே பெயர். திறந்த கதவுக்கு வாசகர் இருப்பதில் வியப்பில்லை. சாத்திய கதவின் முன்னால் எதற்காக இத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதே இவ்வாய்வு எழுப்பும் வினா.

இவ்வகைக்குத் தமிழில் கலைச்சொல் இல்லாத குறையைப் போக்க ‘சாத்துகதவு’ என்ற சொல்லை ஆய்வாளர் முன்மொழிகிறார். ஊறுகாய்போல இதுவும் வினைத்தொகை. சாத்திய கதவு, சாத்துகின்ற கதவு, சாத்தும் கதவு என முக்காலத்துக்கும் பொருந்தும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. மிகக்கூடாத இடத்தில் எதுவும் மிகாமல் பார்த்துக்கொள்வதே இந்த நாவல்களின் மொத்த இலக்கணமும்.

ஆய்வுக்களம்

கனடாவைப் பற்றிய ஆய்வுக்கு ஜவ்வாது மலைக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்பார்கள். கேட்கட்டும். நெல்லிவாசல்நாடு திருப்பத்தூர் மாவட்டத்தில் மலைமேல் இருக்கிறது. புதூர்நாடும் புங்கம்பட்டுநாடும் அக்கம்பக்கம். மலையாளிப் பழங்குடியினர் வாழும் மலை. சாமையும் தேனும் புளியும் அதன் விளைச்சல். மார்கழிக் குளிரில் பல் கிட்டும். ஆனால் ஏரி உறைந்து அதன்மேல் சறுக்கி விளையாடுகிற அளவுக்கு அந்தக் குளிருக்குத் துணிச்சல் கிடையாது.

பின் ஏன் இவ்வூர்? பெயருக்காக. முன்னால் நெல்லி, பின்னால் வாசல். இனிப்பும் கதவும். மேலைநாட்டார் இரண்டு அடைமொழி போட்டு விளக்கும் ஓர் இலக்கிய வகையை ஒரே ஊர்ப்பெயருக்குள் அடக்கி வைத்திருக்கும் நிலம் உலகில் வேறெங்கும் இருப்பதாக ஆய்வாளருக்குத் தெரியவில்லை. அவர் தேடவும் இல்லை.

முதற் சான்று: நெல்லி

நெல்லிக்காயைக் கடித்தால் புளிக்கும், துவர்க்கும், முகம் கோணும். அதன் பிறகு ஒரு வாய் தண்ணீர் குடித்தால் இனிக்கும். அந்தத் தண்ணீரில் சர்க்கரை இல்லை. புளிப்புக்குப் பழகிய நாக்கு, அது நீங்கிய நொடியில் வெறும் தண்ணீரையே இனிப்பு என்று சொல்கிறது.

இதைக் காதலோடு சேர்த்துப் பார்த்தவர்கள் நம்மவர்களே. குறுந்தொகையின் 262ஆம் பாட்டில், காதலனோடு ஊரைவிட்டுப் போகப்போகிற பெண்ணுக்கு, வழியில் நெல்லிக்காய் தின்றுவிட்டு யானை அடிச்சுவட்டில் தேங்கிய நீரைக் குடிக்க வேண்டிவரும் என்ற பேச்சு வருகிறது. யானைக் காலடியில் கிடந்த தண்ணீர் சுத்தமாக இருந்திருக்க வழியில்லை. ஆனால் நெல்லி தின்ற வாய்க்கு அது இனிக்கும். உடன்போக்குக்கு இதைவிடச் சிக்கனமான தேன்நிலவு ஏற்பாட்டை எந்தப் பயண நிறுவனமும் இதுவரை அறிவிக்கவில்லை.

இனிப்புக் காதல் நாவலின் சூத்திரமும் இதுவே. முதல் இருநூறு பக்கம் நெல்லிக்காய்: முறைப்பு, குத்தல் பேச்சு, எடுக்காமல் விட்ட தொலைபேசி, இடையில் புகுந்து கெடுக்கிற அத்தை மகள். கடைசியில் அவன் அவள் கையைப் பிடிக்கிறான். அவ்வளவுதான். வெறும் தண்ணீர். படிக்கிறவருக்கு இனித்துவிடுகிறது. கடைசிப் பக்கத்தை மட்டும் முதலில் புரட்டிப் பார்க்கிறவர்கள் இந்த நாவல்களைச் சப்பென்று இருக்கிறது என்பதற்குக் காரணம் அவர்கள் காயைக் கடிக்காமல் தண்ணீரைக் குடித்ததுதான்.

இரண்டாம் சான்று: வாசல்

தமிழுக்குத் திறந்த கதவு தெரியாது என்று யாரும் எண்ண வேண்டாம். முதலாம் குலோத்துங்கன் அவையில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் ‘கடை திறப்பு’ என்றே ஒரு பகுதி உண்டு. கடை என்றால் வாயில். போருக்குப் போன கணவர்மேல் ஊடிக் கதவடைத்துக் கொண்ட பெண்களை அழைத்து, கதவைத் திறக்கச் சொல்லிப் பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார் புலவர். கதவைத் திறப்பதற்கு முன்பே உள்ளே நடந்ததையெல்லாம் அவர் சொல்லிவிடுவதால், அந்தப் பகுதியைப் பாடத்திட்டத்தில் வைக்கும்போது சாத்திவிடுவது கல்வியாளர் வழக்கம்.

ஆனால் சங்க அகப்பாட்டு வேறு வழி போனது. காதலர் பெயரைச் சொல்லக்கூடாது என்பது அங்கே விதி. ஊர் உண்டு, மலை உண்டு, பூ உண்டு, குரங்கு உண்டு. அவன் யார் அவள் யார் என்பது மட்டும் கிடையாது. கதவுக்குப் பெயர்ப்பலகை மாட்டாமல் விட்ட ஏற்பாடு இது. சினிமாவும் இந்த வழியில்தான் வந்தது. நாயகனும் நாயகியும் நெருங்கும் நேரத்தில் இரண்டு பூக்கள் உரசிக்கொள்ளும், அல்லது விளக்கு அணையும். தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை முழுக்கத் தாவரவியலை இப்படித்தான் கற்றது.

மலையிலேயே இன்னொரு கதவு இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. அதன் கூண்டு பகலெல்லாம் சாத்தியிருக்கும், இரவானால் திறக்கும். மனிதர்கள் கதவைச் சாத்துகிற நேரம் பார்த்துக் கதவைத் திறப்பவர்கள் வானியலாளர்கள். அவர்கள் எழுதும் எதுவும் காதல் நாவலாக விற்பதில்லை என்பதை எதிர்மறைச் சான்றாகக் கொள்க.

மூன்றாம் சான்று: ஆட்டம்

விளையாட்டு வீரனைக் காதலிப்பது கனடாக்காரர் கண்டுபிடிப்பு என்றால் கலித்தொகை கோபித்துக்கொள்ளும். முல்லைக்கலியில் ஏறு தழுவியவனுக்கே ஆயர் பெண் மாலையிடுகிறாள். மைதானம், முட்டல், ரத்தம், பார்வையாளர் வரிசையில் படபடப்போடு ஒருத்தி, கடைசியில் கல்யாணம். பனித்தரையும் கூட்டிச்சொல்லும் வர்ணனையாளரும் மட்டும் இல்லை.

அண்மைக்கால எடுத்துக்காட்டுகளும் உண்டு. 2024இல் வந்த ‘லப்பர் பந்து’ படத்தில் இளம் பந்துவீச்சாளன் அன்பு, தன் கிரிக்கெட் விரோதி ‘கெத்து’வின் மகள் என்று தெரியாமலே துர்காவைக் காதலிக்கிறான். எதிரணிக்காரன் வீட்டுப் பெண் என்பது ஹாக்கி நாவல்காரர்கள் கையில் தேய்ந்துபோன முடிச்சு. இங்கே அதை ரப்பர் பந்தில் போட்டுப் புதிதாக்கினார்கள். ஹாக்கியே வேண்டுமென்றால் 2019இல் வந்த ‘நட்பே துணை’ இருக்கிறது. ஹிப்ஹாப் ஆதி நடித்தது. காரைக்காலில் ஒரு ஹாக்கி மைதானத்தைக் காப்பாற்றும் கதை.

எனினும் காதலுக்குப் பனித்தரை ஹாக்கிதான் வாகானது. என்னை? எனின், கூறுவாம். அந்த ஆட்டத்தில் குற்றம் செய்தவனை ஒரு பெட்டியில் உட்கார வைப்பார்கள். சின்னக் குற்றத்துக்கு 2 நிமிடம், பெரியதற்கு 5 நிமிடம். பெட்டிக்குக் கதவு உண்டு. மேலே கடிகாரம் ஓடும். நேரம் முடிந்ததும் அவன் எழுந்து வந்து மறுபடி ஆடுவான். அதாவது ஆம்பிளையின் கோபத்துக்கு இடமும் அளவும் கடிகாரமும் வைத்த ஆட்டம் அது. கோபம் வந்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு மூன்று நாள் பேசாமல் இருக்கும் கணவர்களைப் பார்த்துச் சலித்த வாசகிக்கு, இரண்டே நிமிடத்தில் கோபம் முடிந்து வெளியே வருகிறவனைவிட வேறென்ன கனவு வேண்டும்?

இன்னொன்று. ஆட்டத்தில் அடிக்கும் ரப்பர் வட்டு சுமார் 170 கிராம். துள்ளக்கூடாது என்று அதையும் முன்கூட்டியே உறைய வைத்துவிடுவார்கள். தரை உறைந்தது, வட்டு உறைந்தது. உருகுவதற்கு நாயகன் ஒருவன்தான் மிச்சம்.

இவ்விடத்தில் ஒரு தற்செயலையும் பதிவு செய்ய வேண்டும். காதல் நாவல்களை மூட்டை மூட்டையாக அச்சிட்ட ஹார்லெக்வின் நிறுவனம், ஹாக்கிப் பித்துப் பிடித்த கனடிய நகரான வின்னிபெக்கில் தொடங்கப்பட்டது 1949இல். பனித்தரையை வழவழப்பாக்கும் இயந்திரத்தை ஃபிராங்க் சாம்போனி கலிஃபோர்னியாவில் செய்து முடித்ததும் 1949இல். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக எந்தச் சான்றும் இல்லை. ஆய்வேடு என்றால் இப்படி ஒரு பத்தி இருந்தே ஆக வேண்டும்.

தமிழ்ச் சாட்சி

ராணிமுத்து, மாலைமதி போன்ற மாத நாவல்களின் காலத்திலேயே தமிழ்நாட்டில் சாத்துகதவு வேரூன்றிவிட்டது. மருத்துவரான லக்ஷ்மி எழுதினார். 1984இல் ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்கு அவருக்குச் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. பிறகு ரமணிசந்திரன் வந்தார். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள். வாடகை நூலகங்களில் அவர் பெயர் எழுதிய அலமாரியில் தூசி படிந்ததில்லை.

ஒப்பீட்டில் ஓர் உண்மை புலப்படுகிறது. கனடாவில் கதவு சாத்தினால் கதை முடிந்தது. தமிழில் கதவு சாத்தினால்தான் கதையே தொடங்கும். கட்டாயக் கல்யாணம், முதலிரவு, பால் சொம்பு, தாழ்ப்பாள். உள்ளே அவன் சோபாவில், அவள் கட்டிலில், நடுவே தலையணை. கதவு சாத்தியபடியே நூற்றைம்பது பக்கம் போகும், ஒன்றும் நடக்காது. மணிரத்னத்தின் ‘மௌன ராகம்’ (1986) இந்தத் தலையணையைத் திரையில் வைத்துத்தான் ஓடியது என்றாலும் தவறில்லை. வெளியாட்கள் பார்க்கக்கூடாததை மறைப்பது கனடாக் கதவு. உள்ளே எதுவும் நடக்கவில்லை என்பது வெளியே இருக்கும் மாமியாருக்குத் தெரியாமல் மறைப்பது நம் கதவு.

இவ்வாய்வுக்கு அடிப்படையான பிரதி ஒன்று திருப்பத்தூரில் ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைத்து, ஆய்வாளரின் பையில் பேருந்தேறி மலைக்கு வந்தது. அட்டை போய்விட்டது, எழுதியவர் பெயரும் அதோடு போயிற்று. காக்கித் தாளில் புது அட்டை, சாக்கு ஊசியால் தைத்தது. வாடகை நூலக முத்திரை மூன்று இடத்தில். 47ஆம் பக்கத்தில் மஞ்சள் கறை, கட்டை விரல் அளவு. சமைத்துக்கொண்டே படித்த கை. 112ஆம் பக்கத்தில் நாயகன் அவள் கையை உதறிவிட்டுப் போகும் வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் ‘திமிரு’ என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில், நீல மையில், ஒரே சொல்: ‘பொறு’.

எதிர்வாதமும் மறுப்பும்

இதெல்லாம் வெட்கம், ஊருக்குப் பயந்து சாத்துகிறார்கள் என்பார் உளர். ஒரு பகுதி உண்மைதான். ஒரு பிரதியைப் பாட்டி, அம்மா, மகள் மூவரும் சுற்றில் படிக்கிற வீட்டில் கதவு சாத்தியிருப்பது எல்லாருக்கும் சௌகரியம். மூவரும் ஒரே பக்கத்தில் ஒரே நேரத்தில் இருமத் தேவையில்லை.

ஆனால் இது போதாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 37 சதவீதம் ஒரே அறையில் வாழ்கின்றன. அந்த அறையில் மாமியாரின் இருமல், குழந்தையின் தூளி, தொலைக்காட்சி, மாமனாரின் பாய், கேஸ் அடுப்பு எல்லாம் உண்டு. சாத்துவதற்கென்று உள்ளே தனிக் கதவு கிடையாது. அப்படிப்பட்ட வீட்டில் உட்கார்ந்து ஒருத்தி ‘கதவு சாத்தப்பட்டது’ என்ற வரியைப் படிக்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு பிள்ளை பெற்றவளுக்கு எழுத்தாளர் சொல்லிக் கொடுக்க ஒன்றுமில்லை. அவள் ஏங்குவது அந்தக் கதவுக்கு. ஆறடி உயரமும் கஞ்சி வைக்கும் கையும் கூடக் கிடைத்தால் லாபம். தாழ்ப்பாள் இருந்தாலே போதும்.

முடிபு

ஒன்று, இனிப்பு முடிவில் இல்லை, முன்னால் கடித்த நெல்லியில் இருக்கிறது. இரண்டு, ஹாக்கி வீரனின் கவர்ச்சி அவன் தோளில் பாதி, அந்தப் பெட்டியின் கடிகாரத்தில் பாதி. மூன்று, சாத்துகதவு நாவலில் உண்மையான கதாநாயகன் கதவுதான்.

பரிந்துரை ஒன்றும் உண்டு. பனித்தரை ஹாக்கியில் இந்தியப் பெண்கள் அணி 2025 ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. ஆடியவர்களில் பெரும்பாலோர் லடாக் பெண்கள். அந்த அணியில் ஒருத்தியைக் கதாநாயகியாக வைத்துச் சாமை விதைக்கிற ஜவ்வாது மலைப் பையன் ஒருவனை அவளுக்குக் கஞ்சி வைக்கச் சொல்லி யாரேனும் எழுதினால், முதல் பிரதியை வாங்க ஆள் தயார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மேற்படி பிரதியில் கடைசித் தாள் இல்லை. கிழித்த தடம் நேராக இருக்கிறது. அளவுகோல் வைத்து நிதானமாகக் கிழித்திருக்கிறார்கள். கதவு சாத்தியதோடு புத்தகம் நின்றுவிட்டது. விடிந்ததா, காப்பி கிடைத்ததா, தெரியவில்லை. தாளைக் கொண்டுபோனவர் திருப்பத்தூரிலோ மலையிலோ எங்கிருந்தாலும் அதே பழைய புத்தகக் கடையில் கொடுத்துவிடலாம். அபராதம் கிடையாது. நீல மைக்காரரும் ‘பொறு’ என்று எழுதிவிட்டு இன்னும் காத்துக்கொண்டிருக்கக்கூடும்.