துண்டு கட்டிய விளம்பரமும் நூலகமும்

கேள்வி: பல்கலைக்கழக நூலகங்கள்கூட ரீல்ஸ் போடுகின்றனவே, அதைப் பார்த்து யாராவது புத்தகம் எடுக்கப் போவார்களா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: புத்தகம் எடுப்பார்களோ என்னவோ, நூலகம் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்றாவது தெரிந்துகொள்வார்கள்!

2010-இல் ஆண்களுக்கான ஓல்டு ஸ்பைஸ் குளியல் திரவத்தின் விளம்பரம் ஒன்று சக்கைப்போடு போட்டது. துண்டு கட்டிய கட்டுமஸ்தான ஆசாமி குளியலறையில் பேச ஆரம்பித்து, குதிரைமேல் உட்கார்ந்து முடிப்பார். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக நூலகம் சும்மா இருக்கவில்லை. அதே மிடுக்கோடு ஓர் இளைஞரைப் பேசவைத்து, ‘நூலகத்துக்கு வந்து படி’ என்று யூடியூபில் விட்டது. லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள்.

நம்மூர் நூலகங்களின் சமூக ஊடகப் பக்கங்களில் பெரும்பாலும் ‘நாளை விடுமுறை’ அறிவிப்புதான். மூன்று லைக், அதில் இரண்டு ஊழியர்களுடையது. பரீட்சை நேரத்தில் ‘இரண்டாவது மாடியில் ஃபேன் ஓடுகிறது, சார்ஜர் பாயின்ட் காலி’ என்று போட்டுப் பார்க்கட்டும், நிற்க இடமிருக்காது.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்கு ஐந்து விதிகள் எழுதினார். நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. ஒரு ரீல் பார்க்கப் போய் நாற்பது பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் இதை எப்படிச் சொல்வதென்றுதான் எனக்குத் தெரியவில்லை.