பாணந்துறைக் குரங்கார் சமூகத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: மாண்புமிகு குரங்கார் அவர்கள், உப மின்நிலையம், பாணந்துறை.
அனுப்புநர்: ஒரு மின் பாவனையாளர், கட்டுகஸ்தோட்டை, கண்டி.
விடயம்: முதல் கேமிங் கணினிக்குப் பவர் சப்ளை தெரிவு செய்வது தொடர்பாக.

ஐயா,

இந்தக் கடிதத்தை முதலில் மின்சார சபைக்குத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதி என்ன பயன் என்று பிறகுதான் உறைத்தது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் ஒரேயடியாகக் கரண்ட் போனபோது, மின்சக்தி அமைச்சர் குமார ஜயகொடி தங்களைத்தான் கைகாட்டினார். பாணந்துறையில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டுவிட்டதாம். இரண்டு கோடிக்கு மேற்பட்ட சனத்தின் மின்விசிறியை ஒரே தொடுகையில் நிறுத்தும் அதிகாரம் சபையில் எந்தப் பொறியியலாளருக்கும் கிடையாது. ஆகவே மனு தங்களுக்கே வருகிறது.

அக்கா மகன் சாதாரண தரம் எழுதி முடித்துவிட்டான். கேமிங் கணினி வேண்டுமாம். அக்காவின் சீட்டுக் காசும் என்னுடையதும் சேர்ந்து இரண்டு லட்சம். கேட்க நல்ல தொகைதான். ஆனால் 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டுவந்த நாடு இது. 2024 ஜனவரியில் வற் வரியும் 18 சதவீதமானது. இரண்டு லட்சத்தை வைத்துக்கொண்டு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போவதா, கண்டியிலேயே வாங்குவதா என்று ஒரு வாரம் வீட்டில் பட்டிமன்றம். பழுதானால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடுகண்ணாவை இறங்க முடியாது என்று அக்கா சொன்னதோடு கண்டி வென்றது.

பையன் விவரமானவன். ரைசன் 5 5600 புரொசெசர், பி450 மதர்போர்ட், 8 ஜிபியில் இரண்டு ரேம். 16 ஜிபி ஒன்றாக வாங்கினால் என்ன என்று கேட்டேன். இரண்டாகப் போட்டால் இரண்டு வழியாகத் தரவு ஓடும் மாமா என்றான். சரி. கிராபிக்ஸ் கார்ட் ஆர்எக்ஸ் 6600, பாவித்தது. 2022 செப்டெம்பரில் எதேரியம் என்ற மின்நாணயம் தன் முறையை மாற்றியபோது நாணயம் தோண்டிக்கொண்டிருந்த கார்டுகளெல்லாம் வேலையிழந்து சந்தைக்கு வந்தன. அப்படி வந்தவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம். கழுத்தில் தாலி கட்டுவதற்கு முன் விசாரிப்பது போல விசாரித்துத்தான் எடுத்தோம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். கடைத் தம்பி ஒரு கேஸிங் காட்டினார். முன்பக்கம் கண்ணாடி, நான்கு விசிறி, வெசாக் தோரணம் மாதிரி வெளிச்சம். 'சப்ளையும் இதோடயே வருது அண்ணன், 500 வாட்' என்றார். சப்ளையைக் கையில் வாங்கினேன். பிஸ்கட் பெட்டி கனம்கூட இல்லை. பக்கவாட்டில் ஒட்டியிருந்த லேபலில் 500 என்பது கட்டைவிரல் அளவு எழுத்து. கீழே எறும்பு எழுத்தில் ஓர் அட்டவணை. 12 வோல்ட் என்ற கட்டத்தில் 16 அம்பியர் என்றிருந்தது. புரொசெசரும் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட் வழியாகத்தான். பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட். கார்ட் மட்டும் 132 வாட் கேட்கும். மிச்சம் 308 வாட் எங்கே என்று கேட்டேன். தம்பி கேஸிங் வெளிச்சத்தின் நிறத்தை மாற்றிக் காட்டினார்.

80 பிளஸ் புரொன்ஸ் முத்திரையோடு தனியாக 550 வாட் சப்ளை எடுப்போம் என்றேன். 'சப்ளைக்குப் போய் இவ்வளவு காசா மாமா? அந்தக் காசுக்கு இன்னும் பெரிய கார்ட் வருமே' என்று மருமகன் சிணுங்கினான். இணையத்தில் அறிவுரை சொல்லும் அமெரிக்கப் பையன்கள் சிலரும் அவன் கட்சிதான். அவர்களுடைய கிரிட்டில் தாங்கள் இல்லையே ஐயா.

யூபிஎஸ்ஸும் தேவை. பெட்டியில் 650 விஏ என்று பெரிதாகப் போட்டிருக்கும். உள்ளே இருப்பது 360 வாட் அளவுதான். நம் கணினி விளையாடும்போது 200 முதல் 250 வாட் வரை இழுக்கும், திரை வேறு. விளையாட்டைச் சேமித்துவிட்டு மூடச் சில நிமிடம் கிடைக்கும். கரண்ட் போவதைவிடத் திரும்பி வரும் கணத்தில் எகிறும் வோல்ட்டுக்குத்தான் எனக்குப் பயம். மலிவு யூபிஎஸ் தரும் கரடுமுரடான அலை சில நல்ல சப்ளைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை, மாறும் கணத்திலேயே கணினி அணைந்துவிடும். அதனால் நாங்கள் எடுத்த 550 வாட் சப்ளையையும் யூபிஎஸ்ஸையும் கடையிலேயே சேர்த்துப் பூட்டிச் சுவிட்சை அணைத்துப் பார்த்தோம். கடைத் தம்பிக்கு அது பிடிக்கவில்லை.

தங்களிடம் ஒரு சந்தேகம். அந்த ஞாயிறன்று மின் பாவனை குறைவு, கூரைகளிலிருந்து சூரிய மின்சாரம் அதிகம், அதிர்ச்சியைத் தாங்கும் கனமான சுழல் இயந்திரங்களின் பங்கு குறைவு, ஆகவே சின்னக் கோளாறும் பெரிதாகப் பரவியது என்று சபையே பிறகு விளக்கம் தந்தது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் படுத்து, அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர மின்வெட்டும் வந்தது. அந்த ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்டார்கள். அப்படியானால் தாங்கள் தொட்டது மின்மாற்றியையா, பல வருடமாக யாரும் தொடாமல் வைத்திருந்த கோப்பு ஒன்றையா? 210 மெகாவாட் விக்டோரியாவுக்காகப் பழைய தெல்தெனிய நகரையே தண்ணீருக்குள் விட்ட மாவட்டத்துக்காரன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

அமைச்சர் சொன்னதைத் தாங்கள் மறுத்ததாகத் தெரியவில்லை. மறு மாதம் 15ஆம் திகதி, காலை 8 மணிக்கு ஐந்தே நிமிடத்தில் நாடெங்கும் தங்கள் இனத்தாரை எண்ணினார்கள். அப்போதாவது வாக்குமூலம் எடுத்திருக்கலாம். உடவத்தகலைக் காட்டிலிருந்து எங்கள் கூரைக்கு வரும் தங்கள் உறவினர்களிடமும் கேட்டேன். வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இனி என் கோரிக்கை. கணினிக்குக் கிடைத்த உத்தரவாத அட்டையில் ஓராண்டு என்றால் 350 நாள் என்று போட்டிருக்கிறது. மின்னல், மின் ஏற்ற இறக்கம், இயற்கை அனர்த்தம், நாசவேலை, விபத்து ஆகியவற்றால் வரும் பழுது சேராதாம். குரங்கு பட்டியலில் இல்லை. எனவே அடுத்த முறை கடமையின் நிமித்தம் மின்மாற்றியில் ஏறும்போது, அது மேற்சொன்ன ஐந்தில் எதிலும் அடங்காது என்று ஒரு கடிதம் தந்துதவவும். படிவம் இணைத்திருக்கிறேன். கைநாட்டுப் போதும். முத்திரை வரி என் செலவு.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிவுள்ள பாவனையாளன்.