பனி விழாத வெளிநாடு

தம்பானூர்,
திருவனந்தபுரம்.
பங்குனி மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்றுத்தானே வாட்ஸ்அப்பில் கதைத்தாய், இன்றைக்கு ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் சொல்வது அம்மம்மாவுக்குக் கேட்பதில்லை. நீங்கள் திருப்பிச் சொல்லும்போது பாதி மாறிப்போகிறது. எழுதினால் தம்பி வாசித்துக் காட்டுவான். அதோடு, பக்கத்து வீட்டு மாமிக்குக் காட்ட உங்களிடம் ஒரு வெளிநாட்டுக் கடிதம்கூட இல்லை என்று குறைப்பட்டீர்களாம். இதோ, முத்திரை ஒட்டியே அனுப்புகிறேன்.

ஆனால் எதை எழுதுவது அம்மா? மாமியின் மகள் டொராண்டோவில் வாசல் பனியை அள்ளிக் கொட்டும் படம் அனுப்புகிறாள். லண்டன் சித்தப்பா பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது என்று அலுத்துக்கொள்கிறார். எனக்கு வாய்த்த வெளிநாட்டில் மணிக்கூட்டைக்கூடத் திருப்பி வைக்க வேண்டி வரவில்லை. இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவிரவாகப் பஸ்ஸில் குலுங்கினேன். கொழும்பிலிருந்து கடல் தாண்டி அந்நிய தேசம் வர விமானத்துக்கு ஒரு மணித்தியாலம் போதுமாயிருந்தது. தந்த தின்பண்டத்தைப் பிரிப்பதற்குள் பெல்ட்டைப் போடச் சொல்லிவிட்டார்கள். இறங்கிப் பார்த்தால் தென்னை, வாழை, கமுகு, மடித்துக் கட்டிய வேட்டியோடு ஐயாமார், வியர்வை. படம் எடுத்து அனுப்பினேன். "இன்னும் வெளிக்கிடவில்லையா?" என்று தம்பி பதில் போட்டான்.

வந்து பதினாலு நாளுக்குள் வெளிநாட்டவள் என்று பதிய வேண்டும் என்பது இங்கே சட்டம். பத்திரங்களோடு பதிவு அலுவலகத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்ற ஆப்பிரிக்க மாணவரை ஒரு கேள்வியும் கேட்காமல் உட்காரச் சொன்னார்கள். என் முறை வந்ததும், "மோளே, நீ யாரைக் கூட்டிக்கொண்டு வந்தாய்?" என்று கேட்டார் அங்கிருந்தவர். கடவுச்சீட்டைக் காட்டிய பிறகும் என் முகத்தை இரண்டு தரம் பார்த்தார். வெளிநாட்டவளாக நடிக்கிறேன் என்று நினைத்தாரோ தெரியாது.

விடுதி தம்பானூரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்துக்குள். ஆன்டி ஒருவர் தன் வீட்டு மேல்மாடியைப் படிக்கிற பெண்களுக்கு விட்டிருக்கிறா. அறையில் என்னோடு ஒருத்தி நாகர்கோவில், ஒருத்தி கண்ணூர். முதல் நாள் காலை, இந்த நாட்டில் என்ன சாப்பாடு தருவார்களோ என்ற பயத்தில் உங்கள் பருத்தித்துறை வடைப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு குசினிக்கு இறங்கினேன். மேசையில் புட்டு! எங்கள் நீத்துப்பெட்டிப் புட்டு அல்ல, குழலில் அவித்துத் தள்ளியது. பக்கத்தில் கடலைக்கறியும் வாழைப்பழமும். அடுத்த நாள் இடியப்பம். அதற்கடுத்த நாள் அப்பம். வீட்டில் புட்டைக் கண்டு முகம் சுளித்த பாவத்துக்குக் கடல் தாண்டியும் அது என்னைத் துரத்திக்கொண்டு வந்திருக்கிறது. நீங்கள் தந்த மிளகாய்த்தூளை மட்டும் இவர்கள் அறியவில்லை. கண்ணூர்க்காரி மீன்கறிக்கு ஒரு கரண்டி போட்டுப் பார்த்தாள். அன்றைக்கு வீட்டில் தண்ணீர் முடிந்துபோனது.

என் கதையைக் கேட்டு நாகர்கோவில்காரி என்னை மலையாளி என்றே எண்ணியிருந்தாள். கண்ணூர்க்காரி, நான் கதைப்பது தான் படங்களில் கேட்ட தமிழ் இல்லையே என்று சந்தேகப்பட்டாள். சாலைக் கடைத்தெருவில் தமிழ்க் கடைக்காரர்கள் நிறையப் பேர், அங்கே போய்த் தமிழில் விலை கேட்டால், "கேரளத்தில் எந்தப் பக்கம்?" என்கிறார்கள். கடவுச்சீட்டைத் தவிர வேறொன்றும் என்னை இலங்கைக்காரி என்று ஒப்புக்கொள்ளவில்லை.

படிப்பைப் பற்றி அப்பா கேட்டிருந்தார். காரியவட்டம் வளாகம் நகரத்துக்கு வெளியே, பஸ்ஸில் போக வேண்டும். நான் படிக்கும் மொழியியல் துறையை 1963இல் தொடங்கியவர் நாகர்கோவில் பக்கத்துத் தமிழர், வ.அய். சுப்பிரமணியம். அவரும் எங்கள் தனிநாயகம் அடிகளும் முன்னின்றுதான் 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை அமைத்தார்கள். அந்த மன்றத்தின் நாலாவது மாநாடுதான் 1974இல் யாழ்ப்பாணத்தில் நடந்தது. ஆகவே நான் வழி தவறி இங்கே வரவில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். வகுப்பில் நான் பாதி மாணவி, பாதி ஆராய்ச்சிப் பொருள். வாயைத் திறந்தால் யாராவது ஒலிப்பதிவுக் கருவியை நீட்டுகிறார்கள். பேனை இரவல் கேட்டதைக்கூட ஒருத்தி பதிந்து வைத்திருக்கிறாள்.

சட்டத்தரணி மாமாவுக்கு ஒரு செய்தி. ஒல்லாந்தர் 1707இல் எங்கள் தேசவழமையைத் தொகுத்தபோது, யாழ்ப்பாணத்து மலபார்காரரின் சட்டம் என்றே எழுதி வைத்தார்கள். சாலைக் கடைக்காரரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. ஒல்லாந்தர் முந்நூறு வருசத்துக்கு முன்பே அப்படித்தான் முடிவு கட்டியிருக்கிறார்கள். அம்மம்மாவுக்கும் ஒன்று: உங்கள் ஐயா தோட்டத்தில் போட்ட புகையிலை தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறி இங்கேதான் வந்தது. ஆன்டியின் மாமியார், தொண்ணூறு தாண்டிய மனுசி, யாழ்ப்பாணம் என்றதும் வெற்றிலையைக் கையில் வைத்துக்கொண்டு என் பையைப் பார்த்தா. அரசியல், யுத்தம், பொருளாதார நெருக்கடி எதைப் பற்றியும் கேட்கவில்லை. புகையிலை கொண்டுவந்தாயா என்றுதான் கேட்டா.

மாமியிடம் காட்டக்கூடிய அசல் வெளிநாட்டுச் சமாச்சாரங்களும் சில இருக்கின்றன. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இந்தியன் காபி ஹவுஸ் என்று சிவப்புச் செங்கல்லால் கட்டிய ஒரு வட்டக் கோபுரம். இங்கிலாந்தில் பிறந்து, இந்த ஊரோடு தங்கி, 2007இல் இங்கேயே மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் வேலை. உள்ளே படியும் இல்லை, மாடியும் இல்லை. தளமே சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. நத்தை ஓட்டுக்குள் மேசை போட்ட மாதிரி, சரிவு நெடுக ஆட்கள் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். நடத்துவது தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். விசிறி வைத்த வெள்ளைத் தலைப்பாகையோடு பரிமாறுபவர் வருவார். கலியாண மாப்பிள்ளையே தோசை கொண்டுவருகிறார் என்று எழுந்து நிற்கத் தோன்றும். மசால் தோசையைப் பிய்த்தால் உள்ளே பீட்ரூட், சிவப்பாக. அம்மம்மா பயப்பட வேண்டாம், சைவம்தான்.

இன்னொன்று மழை. ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற ஒரு பருவத்தை வைத்துக் கிணற்றை நிரப்புகிற எங்களுக்கு இது அநியாயம். ஆனியில் ஒரு தரம் கொட்டி முடித்துவிட்டு, ஐப்பசியில் திரும்பவும் வருகிறது. தம்பானூர் பள்ளமான இடம். பெருமழை என்றால் ரோட்டில் முழங்கால் தண்ணீர். 2015இல் 'ஆபரேஷன் அனந்தா' என்று பெயர் வைத்து வாய்க்கால்களைத் தோண்டித் துப்புரவாக்கினார்களாம். மழை அதை இன்னும் கேள்விப்படவில்லை.

மூன்றாவது, ஊர்வலம். தலைமைச் செயலகத்துக்கு முன்னால் எப்போது போனாலும் யாராவது பந்தல் போட்டுப் போராடிக்கொண்டிருப்பார்கள். முதல் நாள் கோஷம் கேட்டதும் என் கால் தானாகப் பக்கத்துக் கடைக்குள் ஏறிவிட்டது. கடைக்காரர் சிரித்தார். சற்று நேரத்தில் கொடி பிடித்தவர்களும் தடி பிடித்த பொலிசும் ஒரே கடையில் தேத்தண்ணி குடித்தார்கள். அம்மா, இதை மட்டும் படம் எடுக்கவில்லை; எடுத்திருந்தாலும் எங்கள் ஊரில் நம்பமாட்டார்கள்.

மாசியில் ஆற்றுக்கால் பொங்கல் வந்தது. கோயில் இங்கிருந்து இரண்டு மூன்று கிலோமீற்றர். அடுப்புகளோ தம்பானூர் ரயில் நிலைய வாசல் வரை. மூன்று செங்கல், ஒரு மண்பானை, பச்சரிசி, சர்க்கரை, தேங்காய். ரோட்டின் இரண்டு பக்கமும் பெண்கள், பெண்கள், பெண்கள். 2009இல் இருபத்தைந்து லட்சம் பேர் என்று கின்னஸில் ஏறிய பொங்கல் இது. அம்மனின் கதை தோற்றம் பாட்டாகப் பாடப்படுகிறது. பாண்டியன் மடிகிற இடம் வந்ததும் கோயில் அடுப்பில் தீ மூட்டுகிறார்கள். அங்கிருந்து அடுப்புக்கு அடுப்பாக நெருப்பு நகர்கிறது. அம்மன் யார் என்கிறீர்கள்? எங்கள் கண்ணகிதான். மதுரையை எரித்துவிட்டு வந்தவள் இங்கே சிறுமியாக நின்று, கிள்ளியாற்றைக் கடத்திவிடச் சொன்னாளாம். எங்கள் வற்றாப்பளையில் கிழவியாக வந்து மாட்டுக்காரப் பெடியளிடம் பசிக்கிறது என்றவளும் அவள்தானே. இரண்டு கரையிலும் பொங்க வைத்துவிட்டாள்; பதினாலு நாளுக்குள் அவளைப் பதியச் சொன்னவர் யாருமில்லை. ஆன்டி எனக்கும் ஒரு பானை வாங்கித் தந்தா. புகையில் கண் எரிய எரியப் பொங்கினேன். நல்லாக வந்தது.

இவ்வளவும் எழுதினேன், இங்கே எல்லோரும் என்னிடம் கேட்கிற கேள்வியை எழுதவில்லை: "இங்கே ஏன் வந்தாய்?" ஆன்டியின் மூத்த மகன் தோஹாவில். மகள் அயர்லாந்தில் தாதி. எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது, அவர்கள் மெல்பேர்ன். கண்ணூர்க்காரி இரவில் ஜெர்மன் பாடம் பண்ணுகிறாள். தம்பானூர்ச் சுவர்களில் மோகன்லாலுக்குப் பக்கத்தில் ஐஇஎல்டிஎஸ் வகுப்பு விளம்பரம். ஊரே பெட்டி கட்டுகிறது. நான் எதிர்த்திசையில் பெட்டியோடு வந்து இறங்கியிருக்கிறேன். பிழைக்கத் தெரியாத பிள்ளை என்று ஆன்டி கவலைப்படுகிறா. எங்கள் ஒழுங்கையிலும் எத்தனை வீட்டில் ஆச்சி அப்பு மட்டும் இருக்கிறார்கள் என்று எண்ணிச் சொன்னேன். அதற்குப் பிறகு அவ என்னை வாடகைக்கு இருக்கிற பிள்ளையாக நடத்துவதில்லை.

இரவு எட்டு மணிக்கு அவ போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துத் தோஹா மகனோடு கதைப்பா. சாப்பிட்டாயா, என்ன கறி, ஏன் மெலிந்துபோனாய், எப்ப வருவாய். நீங்கள் என்னைக் கேட்கிற அதே கேள்விகள், அதே வரிசையில். அவன் சொல்கிற பொய்களும் நான் சொல்கிறவைதான்.

இப்போது புதிதாக ஒரு சிக்கல். உங்கள் நம்பரைக் கேட்டு வாங்கிவிட்டா. ஞாயிற்றுக்கிழமை எடுப்பா. அவவுக்கு மலையாளம், உங்களுக்கு எங்கள் தமிழ்; நடுவில் மொழியியல் படிக்கிற நான் நிற்கத் தேவையில்லையாம். அதனால் முன்கூட்டியே எழுதி வைக்கிறேன்: பிள்ளை இரவு இரண்டு மணி வரை போனை நோண்டுகிறாள், காலைச் சாப்பாட்டைத் தொடுவதில்லை என்று ஏதாவது காதில் விழுந்தால், அது அவவின் மலையாளம் உங்களுக்கு விளங்காத குறை.

அன்பு மகள்