பந்தி விசாரணைக்காரர்

தேனி மாவட்டத்து ஊர்ச்சபை எதுவாயினும், அங்கே போதகர், உபதேசியார், கோயில்பிள்ளை ஆகிய மூவரைத் தவிர நான்காவதாக ஒருவர் இருப்பார். இங்குச் சபை என்பது தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தைச் சார்ந்த உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் கூட்டத்தையும், உபதேசியார் என்பது போதகருக்குத் துணைநிற்கும் ஊழியரையும், கோயில்பிள்ளை என்பது ஆலயத்தைத் திறந்து பெருக்கி மணியடிக்கும் ஊழியரையும் குறிக்கும். நான்காமவருக்கு ஊதியம் கிடையாது. சட்டப் புத்தகத்தில் பதவிப் பெயரும் கிடையாது. ஆயினும் அவர் வெளியூர் சென்ற ஞாயிற்றுக்கிழமையில் எந்தச் சுவிட்சைப் போட்டால் எந்த மின்விசிறி சுற்றும் என்பதைக் கண்டறிவதற்குள் முதற்பாடல் முடிந்துவிடும். வேதாகமத்திலிருந்தே பெயர் எடுத்து அவரைப் பந்தி விசாரணைக்காரர் எனலாம். எருசலேமின் ஆதிச்சபையில் அன்றாட உணவுப் பங்கீட்டில் சில விதவைகள் விடுபட்டுப்போவதாக முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர்கள் அதைக் கவனிக்க ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்த செய்தி அப்போஸ்தலர் நடபடிகளின் 6ஆம் அதிகாரத்தில் உள்ளது. பந்தி விசாரணை என்பது அந்த வேலைக்குத் தமிழ் வேதாகமம் இட்ட பெயர். இவர் தம்மை எட்டாமவராகக் கருதுபவர். எழுவரில் ஒருவரான ஸ்தேவான் அடுத்த அதிகாரத்திலேயே கல்லெறியுண்டு மாண்டதை எவரேனும் நினைவூட்டினால், அன்றைய பந்தியில் சாம்பார் பற்றாமல் போயிருக்கும் என்பதற்கு மேல் இவரிடம் வேறு வியாக்கியானம் இருப்பதில்லை.

இத்தகையவர் இப்பகுதியில் செழித்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன், பெரியகுளத்தைத் தன் நிலையங்களுள் ஒன்றாகக் கொண்டு இவ்வட்டாரத்தில் பணியாற்றியது. அம்மிஷனை அனுப்பியவர்கள் பெரும்பாலும் காங்கிரிகேஷனல் மரபினர், அதாவது பேராயர் என்னும் மேலதிகாரி இன்றி, ஒவ்வொரு சபையும் தன் காரியங்களைத் தானே கூடிப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும் என்னும் கொள்கையினர். 1947 செப்டம்பர் 27இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய மரபுகளோடு இணைந்து தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது பேராயர் வந்து சேர்ந்தார்; ஆனால் சபைக் காரியங்களைக் கூடிப் பேசும் கமிட்டி போய்விடவில்லை. போதகர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றலாகிச் செல்ல, கமிட்டிக்காரரான நம் பந்தி விசாரணைக்காரர் அதே ஊரில் பிறந்து அங்கேயே கல்லறைத் தோட்டத்தில் இடமும் பார்த்து வைத்திருப்பவர் ஆதலால், புதிய போதகருக்குச் சபையை அறிமுகப்படுத்தும் பொறுப்பு இயல்பாகவே இவர் கைக்கு வருகிறது. அறிமுகம் பெரும்பாலும் "ஐயா, இங்க அப்படிப் பழக்கமில்லைங்க" என்னும் ஒரே தொடரால் நடைபெறும்.

ஆராதனை நேரத்தில் இவரை ஆலயத்தினுள் தேடுவது வீண். உள்ளே போதகர் பிரசங்கத்தின் முதற்குறிப்பை விரிக்கும்போது, இவர் வெளியே நின்று இருசக்கர வாகனங்களை ஒழுங்காக நிறுத்தச் சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டாம் குறிப்பின்போது ஒலிபெருக்கிக்காரருக்குச் சன்னல் வழியே கையசைத்துச் சத்தத்தைக் கூட்டச் சொல்வார், குறைக்கச் சொல்வார், மீண்டும் கூட்டச் சொல்வார். மூன்றாம் குறிப்பு முடிவதற்குள் டீ கேன் வந்துவிட்டதா எனப் பார்க்கத் தெருமுனைக்குப் போய்விடுவார். சபையில் எல்லாப் பிரசங்கங்களுக்கும் தொடக்கம் மட்டுமே தெரிந்த ஒரே விசுவாசி இவர். அறிவிப்பு நேரத்திற்கு மட்டும் தவறாமல் உள்ளே வந்து, "ஒரே ஒரு அறிவிப்பு" எனத் தொடங்கி, போதகர் தவறவிட்ட நேரம் முழுவதையும் தாம் எடுத்துக்கொள்வார். இயேசுவின் காலடியில் அமர்ந்து கேட்ட மரியாளைப் போற்றி, வேலையில் அலைந்த மார்த்தாளைக் கடிந்துகொள்ளும் லூக்காவின் பகுதி வாசிக்கப்படும் ஞாயிறு இவருக்கு ஆண்டின் மிகக் கசப்பான நாள். மரியாளும் அன்று சாப்பிட்டுத்தானே இருப்பாள், சமைத்தது யார் என்பது இவருடைய கேள்வி. இக்கேள்வியை முற்றிலும் தள்ளிவிட வேதசாஸ்திரத்தாலும் எளிதில் இயலாது.

சமய நல்லிணக்கம் குறித்து இவர் ஒரு சொற்பொழிவும் நிகழ்த்தியவர் அல்லர். ஆனால் பாத்திர வாடகைக் கடை இவரை அந்நெறியில் நிலைநிறுத்தியிருக்கிறது. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழா எட்டு நாளும் சுற்றுவட்டாரத்தில் ஓர் அண்டாவோ, நல்ல சமையல் மாஸ்டரோ கிடைப்பது அரிது என்பதால், அவ்விழா எந்தச் செவ்வாய்க்கிழமை தொடங்குகிறது என்பது கோயில் பூசாரிக்கு அடுத்தபடியாக இவருக்கே தெரியும். இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி ஆகிய ஊர்களின் கத்தோலிக்கத் திருவிழாக்களும், உத்தமபாளையத்து நிக்காஹ் விருந்துகளும் இவருடைய நாட்காட்டியில் சிவப்பு மையில் உண்டு. மார்ட்டின் லூதர் 1517இல் தொடங்கிவைத்த பிரிவினையை, கத்தோலிக்கக் கோயில் விழாக்குழுவிடம் அரிசி வடிக்கும் கூடையை இரவல் வாங்கும் அளவுக்கேனும் இவர் சரிசெய்திருக்கிறார்.

இவருடைய முழு ஆற்றலும் வெளிப்படுவது அறுப்பின் பண்டிகையில்தான். விளைச்சலில் ஒரு பங்கைக் காணிக்கையாக ஆலயத்திற்குக் கொண்டுவந்து படைத்து, ஆராதனைக்குப் பின் அவற்றை ஏலம் விட்டு நிதி சேர்க்கும் இத்திருநாளில், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளைந்த நெல், சின்னமனூர் வாழைத்தார், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, தேங்காய், ஏலக்காய், காலைக் கட்டிய நாட்டுக்கோழி என்று கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் பீடத்தின் முன் குவிந்துகிடக்கும். போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் ஏலக்காய் வியாபாரிகள் கணினித் திரைமுன் அமர்ந்து, வாய் திறவாமல் பொத்தானை அழுத்தி விலை கேட்கின்றனர். அங்கே விலை காயின் பருமனையும் நிறத்தையும் பொறுத்தது. ஆலய வளாகத்தில் நடப்பது வேறு பொருளியல். இங்கே விலை, கேட்பவரின் மைத்துனர் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. மைக்கைக் கையில் பிடித்த பந்தி விசாரணைக்காரருக்கு யார் புதுவீடு கட்டினார், யார் மகன் துபாயிலிருந்து வந்தான், யாருக்கும் யாருக்கும் வரப்புத் தகராறு என்பதெல்லாம் மனப்பாடம். "அண்ணே, தம்பி போன மாசந்தான் துபாய்ல இருந்து வந்துச்சு, பூசணிக்காய்க்கு எரநூறோட நிக்கிறது உங்களுக்கே நல்லாவா இருக்கு?" என்று அவர் பணிவாகக் கேட்க, வரப்புத் தகராற்றின் மறுதரப்பு முந்நூறு என்று குரல்கொடுக்க, உரிமையியல் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுபடக்கூடிய வழக்கொன்று கால் மணி நேரத்தில் சபை நிதிக்கு வரவாகிவிடும். ஏலத்தில் எடுத்தவர் பொருளைத் திரும்பக் காணிக்கையாகக் கொடுப்பதும், அது மறுபடி ஏலத்திற்கு வருவதும் வழக்கம். இவ்வகையில் அந்தப் பூசணிக்காய் நான்கு பேருக்கு விற்கப்பட்டு, ஒருவர் வீட்டுக்கும் போகாமல், மாலையில் அன்பின் விருந்து எனப்படும் சபையாரின் பொதுச் சாப்பாட்டில் சாம்பாராக மாறி, வாங்கிய நால்வராலும் உண்ணப்படும்.

கிறிஸ்துமஸ் கேரல் பவனியில் எந்த வீட்டில் டீ, எந்த வீட்டில் பஜ்ஜி என வழித்தடம் வகுப்பதும் இவரே என்பதைச் சொன்னால் போதும். விரித்துச் சொல்லத்தக்கது கண் சிகிச்சை முகாம். மருத்துவர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை தேனியிலும் இயங்குகிறது. அதன் இலவச முகாம்களில் மருத்துவக் குழு அவர்களுடையது, இடமும் விளம்பரமும் சாப்பாடும் உள்ளூர் அமைப்பினுடையது. கண்புரை முற்றியவர்களை அன்றே வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, அறுவை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவதும் அம்முறையின் பகுதி. வண்டியில் ஏற மறுக்கும் முதியவர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினம். அருட்பொழிவு பெற்ற போதகரின் ஜெபத்திற்கும், பட்டம் பெற்ற மருத்துவரின் விளக்கத்திற்கும் அசையாத கிழவி, "அப்பத்தா, பேரன் கட்டிக்கிட்டு வர்ற பொண்ணு கருப்பா செவப்பான்னு பாக்க வேணாமா?" என்று இவர் கேட்ட மறுகணம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள். ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப்பில் கம்பம் மெட்டு ஏறும் பெண்களுக்கு முகாம் செய்தி போய்ச்சேர வேண்டுமானால், நோட்டீசை ஆலயச் சுவரில் ஒட்டிப் பயனில்லை, ஜீப் ஓட்டுநரிடம் கொடுக்க வேண்டும் என்பதும் இவர் கண்டுபிடிப்பே. சேவையில் குறை சொல்ல இடமில்லை. முகாம் பேனரில் பேராயரின் படத்தைவிடத் தம் படம் சற்றே பெரிதாக அச்சானதற்கும் அச்சகத்தாரையே இவர் குறை கூறுவார்.

புகழாசை இவருக்கு இல்லை எனச் சொல்வது பொய்யாகும். முல்லைப் பெரியாறு அணையை 1895இல் கட்டி முடித்த பென்னிகுயிக்கிற்கு லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் எழுப்பி, அவர் பிறந்த ஜனவரி 15இல் பொங்கல் வைக்கும் பள்ளத்தாக்கு இது. ஆலயத்திற்கு ஆழ்துளைக் கிணறு போட அலைந்த தமக்கு ஒரு சிறு கல்வெட்டு ஆகாதா என இவர் நினைப்பதில் வட்டார நியாயம் இருக்கிறது. மின்விசிறியின் இறகில் உபயம் எழுதினால் சுற்றும்போது படிக்க முடியவில்லை என்பதைக் கண்ட பின், சுவர்க்கடிகாரத்திற்கு மாறினார். இப்போது பிரசங்கம் நீளும்தோறும் சபையார் இவர் பெயரையே பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

கமிட்டித் தேர்தல் வரும்போதெல்லாம், இம்முறை வாலிபருக்கு வழிவிடப்போவதாக இவர் அறிவிப்பது மரபு. வாலிபர் என்னும் சொல் சபை வழக்கில் நாற்பதைத் தாண்டியவரையும் தாராளமாக உள்ளடக்கும். வேட்புமனுவின் கடைசி நாளில் சபையாரின் வற்புறுத்தலால் மனம் மாறுவதும் மரபே. அரிதாக, வாலிபர் இதை மெய்யென்று நம்பி இவரைத் தோற்கடித்துவிடுவதுண்டு. அப்போது மினிட்ஸ் புத்தகம், வங்கிப் பாஸ்புக், சாவிக் கொத்து ஆகியவற்றை முறையாக ஒப்படைத்துக் கையெழுத்தும் வாங்கிக்கொள்வார். ஒப்படைக்காதது நீளவாட்டில் தைத்த ஒரு பழைய நோட்டு மட்டுமே. ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேரா பத்துப் பேரா, எந்த மாஸ்டர் எண்ணெயை வீட்டுக்கு எடுத்துப்போவார், எந்தக் கடை அண்டாவில் ஓட்டை, எந்த மருமகனை எந்த மாமனாருக்கு எதிர்ப்பந்தியில் உட்காரவைக்கலாகாது ஆகியவை அனைத்தும் அதில்தான் உள்ளன. புதிய கமிட்டியின் முதல் அன்பின் விருந்தில் மூன்றாம் பந்திக்குச் சோறு தீர்ந்துபோகும். திங்கட்கிழமை மாலை புதுச்செயலரும் பொருளாளரும் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் இவர் வீட்டுத் திண்ணைக்கு வருவர். இவர் நோட்டை எடுத்துவந்து, கொடுக்காமல், கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாமே வாசிப்பார், வாசிப்பதற்கு முன், "அடுத்த விருந்துக்கு மாஸ்டருக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டீகளா?" என்று கேட்பார். அவர்கள் கொடுத்திருக்கமாட்டார்கள், இவர் கொடுத்திருப்பார்.