கஸ்டமர் வருவாங்க, காக்கா

குழாய்க்கு ஒரு வாஷர் வாங்கப் போனேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

கல்முனை பிரதான வீதியில் ஒரு ஹாட்வெயார் கடைக்கு முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேன். ஸ்டாண்டைத் தட்டக்கூட இல்லை, உள்ளேயிருந்து ஒரு பொடியன் ஓடி வந்தான்.

"காக்கா, இதில போடாதீங்க. கஸ்டமர் வருவாங்க."

"நான்தான் தம்பி கஸ்டமர்."

மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்தான். "என்ன சாமான்?"

"குழாய் வாஷர்."

"அதுக்கு அங்கால போட்டுட்டு வாங்க."

சிமெந்து மூட்டைக்கு வந்திருந்தால் யோசித்திருப்பான். வாஷருக்கு வருகிறவன் கஸ்டமர் கணக்கில் சேர்த்தி இல்லை. அங்கால என்பது எங்கே இருக்கிறது என்று கல்முனையில் வண்டி ஓட்டுகிற எவருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. அது எப்போதும் இன்னும் கொஞ்சம் அங்காலதான்.

நான் நிறுத்தப் பார்த்த இடத்துக்கு ஒரு பக்கம் முதலாளியின் வேன், கடை திறந்ததிலிருந்து அதே இடத்தில். மறுபக்கம் வாளி. வாளியைப் பற்றி இரண்டு வார்த்தை.

இருபது லீற்றர் பெயின்ட் வாளி. பெயின்ட் யாருடைய வீட்டுச் சுவரிலோ ஏறிவிட்டது, வாளியின் வயிற்றில் இப்போது கொங்கிறீற்று. நடுவில் ஒரு பிவிசி பைப். உச்சியில் தகரத் துண்டு, அதில் சிவப்பு பெயின்டால் 'நோ பார்க்கிங்'. எழுதத் தொடங்கும்போது எழுத்து பெரிதாக இருக்கும், போகப் போக இடம் முடிந்து கடைசி எழுத்து தகரத்தின் ஓரத்தில் தொங்கும். வாகனத்துக்கு இடமில்லை என்று சொல்ல வந்தவருக்கு எழுத்துக்கே இடமில்லை.

கடைக்குக் கடை வாளியின் இனம் மாறும். நகைக் கடைக்காரர் வாளியைத் தொடமாட்டார், எவர்சில்வர் தூண் இரண்டு நட்டு நடுவில் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறார். சாப்பாட்டுக் கடை வாசலில் வெறும் காஸ் சிலிண்டர். உடுப்புக் கடையில் கை உடைந்த ஒரு பொம்மைக்குப் போன பெருநாள் ஜுப்பாவை உடுத்தி வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். இருட்டில் நான் அதற்கு ஸலாம் சொல்லியிருக்கிறேன். டயர் கடைக்காரரிடம் டயர் மலையாகக் குவிந்து கிடக்கிறது, ஆனாலும் அவர் வாளிதான் வைத்திருக்கிறார். டயர் என்றால் ஆரும் உருட்டிக்கொண்டு போய்விடுவார்களாம்.

வாளியின் கடமையுணர்ச்சியைச் சொல்லாமல் விட முடியாது. கடை திறக்க முந்தி அது வெளியே வந்துவிடும், கடை பூட்டின பிறகுதான் உள்ளே போகும். ஊழியர் சேமலாப நிதி கிடையாது, போயாவுக்கு லீவு கிடையாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முதலாளியும் பொடியன்மாரும் கடையைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய்விடுவார்கள். வாளி போகாது. பூட்டின கடைக்கு, வராத கஸ்டமருக்கு, தனியே நின்று இடம் பிடித்துக்கொண்டிருக்கும்.

அது சும்மா நிற்கிற சாதியும் இல்லை. முதல் வருஷம் வடிகான் மூடியின் மேல் இருந்தது, பிறகு மூடிக்கு வெளியே வந்தது, பிறகு வெள்ளைக் கோட்டுக்கு வந்தது. ஒலுவில் துறைமுகம் வந்த பிறகு கடல் கரையைத் தின்றுகொண்டே வந்ததே, அதைப்போல வாளி ரோட்டைத் தின்கிறது. ஒலுவிலுக்காவது கருங்கல் கொண்டு போய்ப் போட்டார்கள்.

தூக்கி ஓரமாக வைக்கலாமே என்பீர்கள். தூக்கிப் பாருங்கள். முதுகு பிடித்துக்கொள்ளும், அது சின்ன நட்டம். "ஆருடா அவன் வாளியத் தூக்கினவன்" என்று விசாரணை தொடங்கினால் வாப்பா, வாப்பாட வாப்பா என்று போய், கடைசியில் முதலாளி என் வீட்டுக்காரிக்குச் சாச்சா முறை என்று முடியும். இந்த ஊரில் வாளி வைத்தவர் எல்லாரும் யாருக்கோ சாச்சாதான். சொந்தக்காரரின் வாளியோடு மோத முடியாது. வண்டியாலும் மோத முடியாது, இடித்தால் நம்முடைய மட்கார்ட்தான் போகும். முதலாளி ஓடி வந்து முதலில் வாளியைத்தான் தடவிப் பார்ப்பார்.

இன்னொன்று விட்டுப்போயிற்று. மாரி வெள்ளத்தில் ரோட்டும் வடிகானும் ஒரே தண்ணீராகக் கிடக்கும்போது, வாளியின் பைப் மட்டும் வரிசையாக மேலே தெரியும். அதைப் பார்த்துத்தான் வடிகானுக்குள் விழாமல் ஓட்டுகிறோம். உபகாரத்தை மறைக்கக் கூடாது.

சரி, இந்த இடம் ஆருடையது? நாம் பஸார் என்று நினைத்துக்கொண்டிருக்கிற இது, கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் என்று சுற்றி மட்டக்களப்புக்குப் போகிற ஏ4 நெடுஞ்சாலை. வீதி அபிவிருத்தி அதிகார சபையின் ரோட்டு. ஓரத்து வடிகானை மாநகர சபை பார்க்க வேண்டும். வாகனத்தைப் பொலிஸ் பார்க்க வேண்டும். கடைப் படியை முதலாளி பார்க்கிறார். இந்த நாலு பேருடைய அதிகாரமும் வந்து முட்டுகிற சந்தில், நாலு பேருக்கும் சொந்தமில்லாமல், வாளி குந்தியிருக்கிறது. அக்கரைப்பற்றுக்குப் போகிற பஸ்ஸும் மண் ஏற்றின டிப்பரும் அம்பியூலன்ஸும் அதற்கு வளைந்து கொடுத்துப் போகின்றன.

வாளி போனாலும் இடம் வராது என்பது வேறு கதை. கடையில் வேலை செய்கிற பொடியன்மார் மருதமுனை, நற்பிட்டிமுனை, சம்மாந்துறை, நிந்தவூர் என்று காலையில் ஆளுக்கொரு பைக்கில் வருவார்கள். வந்ததும் கடைக் கண்ணாடிக்கு நேரே வரிசையாகப் போடுவார்கள். உள்ளே பெருநாள் உடுப்பு எண்பது டிசைனில் தொங்கும், வெளியே இருந்து பார்த்தால் பைக் சீட் மட்டும் தெரியும். பக்கத்து பேங்க் ஊழியர், எதிர்க் கந்தோர்க்காரர் எல்லாரும் மிச்ச இடத்தை நிரப்பிவிடுவார்கள். மத்தியானத்துக்குப் பிறகு முதலாளி கல்லாவில் சாய்ந்துகொண்டு, "யாபாரம் இல்ல காக்கா, சனம் வருதில்ல" என்று என்னிடமே சொல்வார். சனம் வந்தது முதலாளி. இரண்டு தரம் சுற்றிவிட்டு அங்கால போய்விட்டது.

அந்த வரிசையின் நடுவில் சிக்கின பைக்கை எடுத்திருக்கிறீர்கள்தானே? இடப்பக்கத்து பைக்கின் கண்ணாடி நம்முடைய பிரேக் பிடிக்குள் நுழைந்திருக்கும். வலப்பக்கத்து ஸ்கூட்டர் ஹேண்டில் லொக், ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நகரமாட்டேன் என்று நிற்கும். பின்னால் ஆரோ குறுக்கே ஒன்றைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். அதன் பின்பக்கத்தைத் தூக்கி ஒரு சாண் நகர்த்த வேண்டும், பிறகு ஸ்கூட்டரின் பின்பக்கம், பிறகு சொந்த வண்டி. ஒரு கையில் மீன் பை, சாரன் நுனி ஃபுட்ரெஸ்ட்டில் மாட்டி, கெண்டைக்கால் சைலன்சரில் பட்டு, கடைசியில் கிறுக்கி வெளியே எடுக்கும்போது ஸ்கூட்டரில் மாட்டியிருந்த ஹெல்மெட் கீழே விழுந்து ரோட்டின் நடுவுக்கு உருளும். அதை எடுக்கப் போகும்போது நாம் விட்ட இடைவெளியில் வேறொருவர் வண்டியைப் போட்டுவிட்டு, "இந்தா வாறன் காக்கா" என்று மறைந்துவிடுவார்.

இது நமக்கு மட்டும் வந்த வியாதியில்லை. அமெரிக்காவில் ஒக்லஹோமா நகரத்திலும் இதே கூத்துதான். கடைகளிலும் கந்தோர்களிலும் வேலை செய்கிறவர்கள் காலையில் காரைக் கொண்டு வந்து தெருவோரம் விட்டால் பொழுது சாய்ந்துதான் எடுப்பார்கள். சாமான் வாங்க வருகிறவனுக்கு இடமில்லை. கார்ல் மகீ என்ற பத்திரிகை ஆசிரியர் யோசித்து யோசித்து, 1935 ஜூலை 16இல் உலகத்தின் முதல் பார்க்கிங் மீற்றரை அங்கே நடச் செய்தார். மணிக்கு ஐந்து சென்ற். ஊழியர்களின் கார் பின் தெருவுக்குப் போனது, கஸ்டமரின் கார் முன்னுக்கு வந்தது. நம்மூரிலும் பத்திரிகை ஆசிரியர்கள் உண்டு. அவர்களும் பைக்கைக் கடை வாசலில்தான் போடுகிறார்கள்.

இதற்கென்றே வாழ்நாளைக் கொடுத்த ஒரு பேராசிரியரும் இருந்தார், டொனால்ட் ஷூப் என்று பெயர். லொஸ் ஏஞ்சல்ஸில் பதினைந்து புளொக் மட்டுமே உள்ள ஒரு கடைத்தெருப் பகுதியை எடுத்து, இடம் தேடிச் சுற்றுகிற கார்கள் வருஷத்துக்கு எவ்வளவு தூரம் வீணாக ஓடுகின்றன என்று கணக்குப் பார்த்தார். ஒன்பதரை லட்சம் மைல். பூமியை 38 தரம் சுற்றின தூரம். கல்முனையில் ஒருவரும் அளக்கவில்லை. பஸ் நிலையத்துக்கும் சந்தைக்கும் இடையில் பெருநாள் வாரத்தில் நாம் சுற்றுகிற சுற்றை அளந்தால் சந்திரன் அகப்பட்டிருக்கும், இடம் அகப்பட்டிராது. தெருவோர இடத்தைச் சும்மா கொடுப்பதுதான் வினை, எப்போதும் ஒன்றிரண்டு இடம் காலியாகக் கிடக்கிற அளவுக்குக் காசு வாங்கு, வாங்கின காசை அதே தெருவுக்குச் செலவழி என்றார். 2005இல் ஒரு தடித்த புத்தகமே எழுதினார். 2025 பெப்ரவரியில் காலமானார். நல்ல மனுஷன், சைக்கிளில் போய் வந்தவர். நம்மிடம் வந்து இதைச் சொல்லியிருந்தால் இருபது ரூபா டிக்கெட்டைக் காட்டின உடனேயே முழுச் சனமும் வண்டியைக் கிறுக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய் நிறுத்திவிட்டு, அங்கேயிருந்து ஆட்டோ பிடித்துக் கடைக்கு வந்திருக்கும்.

நடந்து போகலாமே என்று ஒருவர் கேட்பார். கேட்கட்டும். என் வீட்டிலிருந்து அந்தக் கடைக்கு நடை தூரம்தான். ஆனால் நடந்து போனால் வழியில் காண்கிறவர் எல்லாம் பிரேக் போட்டு, "பைக் எங்க, வித்திட்டீங்களா, என்ன கரைச்சல்?" என்று விசாரிப்பார்கள். வாஷருக்குப் போய் வருவதற்குள் என் கடன் கதை ஊர் முழுக்கப் பரவிவிடும். 2022இல் கியூஆரைக் காட்டி பைக்குக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் வாங்கின காலத்தில் எல்லாரும் நடந்தோம், துருப்பிடித்த சைக்கிளைக் கழுவி ஓடினோம், ஒருவரும் செத்துப்போகவில்லை. அப்போது கௌரவத்துக்கும் பெற்றோல் இல்லை. 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதியைத் திரும்பத் திறந்தார்கள், இப்போது ஒழுங்கைக்கு ஒரு புதுக் கார் வந்து மூச்சு விட இடமில்லாமல் நிற்கிறது.

ஒழுங்கைக் கதையும் சொல்ல வேண்டியதுதான். ஜப்பானில் 1962 முதல் ஒரு சட்டம் உண்டு. காரை நிறுத்த இடம் இருக்கிறது என்று பொலிஸிடம் சான்று வாங்கினால்தான் காரைப் பதிய முடியும். அந்தச் சட்டம் நமக்கு வந்தால் சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரை ஒருவரும் கார் வாங்க முடியாது. இருந்த வளவில் மூத்த மகளுக்கு ஒரு வீடு, பின் வளவில் இரண்டாவதுக்கு ஒரு வீடு, கராஜை இடித்து மூன்றாவதுக்கு மேல்மாடியோடு ஒரு வீடு. மருமகன் காரோடு வருவார். வீடு கொடுத்தாயிற்று, கார் நிறுத்த இடமும் கொடு என்று அவர் இன்னும் கேட்கவில்லை, அது அடுத்த தலைமுறையின் பிரச்சினை. அதுவரை கார் ஒழுங்கையில், பெரும்பாலும் என் கேற்றுக்கு நேரே.

எல்லைக்காக இந்த ஊர் பட்ட பாடு கொஞ்சமில்லை. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று வர்த்தமானி வந்தது, சில நாளில் நிறுத்தி வைத்தார்கள். அதற்கு முந்தியும் பிந்தியும் செயலகம் எது, சபை எது, கோடு எங்கே என்று வழக்கு, ஊர்வலம், கடையடைப்பு. பிரதான வீதியில் தாராளமாக வண்டி நிறுத்த முடிவது கடையடைப்பு நாளில் மட்டும்தான். அன்றைக்கு வாங்க ஒன்றும் இருக்காது. இத்தனை எல்லைக் கோட்டுக்குச் சண்டை பிடித்தவர்கள், இரண்டு பைக்குக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கோடு போடச் சொல்லி ஒரு மகஜர்கூடக் கொடுத்ததில்லை.

2025 மே 6ஆம் திகதி நாட்டில் 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. வழக்கு இருந்ததால் நமது மாநகர சபை அதில் இல்லை. ஆகவே பார்க்கிங் கட்டித் தருவேன் என்று பொய் சொல்லக்கூட அன்றைக்கு நமக்கு ஆள் வாய்க்கவில்லை. தேர்தல் வந்தால் ஆள் வரும். மூன்று மாடிப் பார்க்கிங் கட்டுவார்கள். கீழ்மாடியைக் கடைகளுக்கு வாடகைக்கு விடுவார்கள், நடு மாடியில் ஒரு கந்தோர் வரும், மேல்மாடியில்தான் வாகனம். அதற்கு ஏறுகிற வழியில் கீழ்க்கடைப் பொடியன்மாரின் பைக் வரிசையாக நிற்கும், கேற்று பூட்டியிருக்கும். சாவி ஆரிடம் இருக்கும் என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. சாச்சா முறைக்காரர் ஒருவரிடம்தான் இருக்கும்.